சீனத்திணை: விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளுக்கான உரை

பழைய இலக்கணக்காரர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்த காலத்தில் ஃபிரைடு ரைஸ் நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கவில்லை. அதனால் அது எந்தத் திணையில் அடங்கும் என்ற வழக்கு இன்றுவரை தீராமல் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தவர் இதைச் சின்னக் குறை என்று சொல்லமாட்டார். அக்குறை நீங்க எழுந்தது இவ்வுரை. முதல், கரு, உரி என்ற வரிசையிலேயே போவோம். முன்னோர் போட்ட பாதை இருக்கும்போது புதிதாக ஒன்று போடுவானேன்?

முதற்பொருள் நிலமும் பொழுதுமாம். சீனத்திணையின் நிலம் சந்திப்பு. விழுப்புரத்தில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. திண்டிவனத்தில் சென்னை–திருச்சி சாலையை விட்டுப் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ்கள் திரும்புகின்றன. நாலு பேர் காத்துக்கிடக்கிற இடத்தில் எண்ணெய் காயத்தானே செய்யும்.

இந்நிலம் நால்வகைப்படும். முதலாவது தள்ளுவண்டி. இரண்டாவது பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட ஃபாஸ்ட் ஃபுட் கடை. மூன்றாவது ‘மல்ட்டி குஸின்’ என்று பலகை வைத்த ஏ.சி. ஹால். நான்காவது நெடுஞ்சாலை மோட்டல். இந்நான்காவதைத் தனி நிலமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் கெட்டால் பாலை என்பார்கள். மேற்சொன்ன மூன்றும் கெட்டுப்போனால் மோட்டல். அங்கே விலை சென்னையைத் தாண்டியிருக்கும், சோறு முந்தாநாளைத் தாண்டியிருக்கும். கண்டக்டர் ‘பத்து நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுத் தனி அறைக்குள் போய்விடுவார். பாலைக்கு உரியது பிரிவு. இங்கே பிரிவது நம் பணம்.

இனிப் பொழுது. சீனாவின் தென்பகுதியில், குவாங்சௌவிலும் ஹாங்காங்கிலும், ‘யம் சா’ என்றொரு வழக்கம் உண்டு. காலையில் குடும்பத்தோடு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேநீரை முன்வைத்து, மூங்கில் தட்டுகளில் ஆவியில் வெந்து வரும் இறால் கொழுக்கட்டை, பன்றிக்கறிப் பொட்டலம், கோழிக்கால் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பேசுவது. பழைய உணவகங்களில் தள்ளுவண்டி மேசைக்கு மேசை வரும். யாராவது தேநீர் ஊற்றினால் இரு விரலால் மேசையைத் தட்டுவது நன்றி. கெண்டி காலியானால் மூடியைச் சற்றே திறந்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும்.

நம் சீனத்திணையில் இதன் கூறுகள் எல்லாம் உண்டு, எல்லாம் இடம் மாறி. வண்டி நம்மிடம் வராது, நாம்தான் வண்டியிடம் போகவேண்டும். காலை கிடையாது, மாலையும் யாமமும் மட்டுமே. பெரும்பொழுது சம்பளம் வந்த முதல் வாரம். தேநீர் அறவே இல்லை. சீனச் சாப்பாட்டுக் கடையில் டீ கேட்டால், ‘எதிர்க்கடையில கிடைக்கும்ணா’ என்று கை நீட்டுவார்கள். ஆவியில் வெந்தது என்று சொல்ல அண்மையில் வந்த மோமோஸ் ஒன்றுதான். அதன் ஊர் நேபாளமும் திபெத்தும் என்பதால் விருந்தினர் பட்டியலில் சேர்த்து மேலே செல்க.

கருப்பொருளில் பறையை முதலில் வைக்கிறேன், ஏனெனில் வேறெந்தத் திணையிலும் இவ்வளவு சத்தம் இல்லை. சீனச்சட்டியின் விளிம்பில் மாஸ்டர் கரண்டியால் தட்டும் ‘டங் டங்’ ஒலி இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். தட்டுவதால் சோறு வேகமாக வறுபடுமா என்றால், படாது. ஆள் கூடுவார்கள். தெய்வம், கல்லாவில் தொந்தியோடு சிரிக்கும் புத்தர், பக்கத்திலேயே பிள்ளையார். புள், பிராய்லர். மா, வண்டிக்கடியில் எலும்புக்காகப் படுத்திருக்கும் நாய். பூ, காலிஃபிளவர்.

உணவைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். தலைமை உணவு மஞ்சூரியன். மஞ்சூரியாவில் அதைக் கேட்டால் விழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த சீனர் நெல்சன் வாங், 1975இல் மும்பையில் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸையும் சோள மாவையும் சேர்த்துக் கோழியில் முதன்முதலாகச் செய்தார் என்பர். அவருக்கு முன்பே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்கத்தாவில் சீனர்கள் குடியிருந்தார்கள். பின்னாளில் அந்நகரின் டாங்ராவில் தோல் பதனிட்ட ஹக்கா மக்களின் சமையல்தான் இன்று நாம் நூடுல்ஸ் என்று உறிஞ்சுவதற்கு மூத்த பாட்டி. 1962 சீனப் போரின்போது இந்தியச் சீனர் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தது நம் அரசு. சோயா சாஸ் பாட்டிலை எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

இங்கே ஒரு தடை எழும். விழுப்புரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் புதுச்சேரி இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் அங்கிருந்து தமிழர்கள் வியட்நாமின் சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்கள் வீட்டில் ‘சையோ’ என்ற பொரித்த சுருள் இன்றும் உண்டு. தென்கிழக்காசியச் சமையல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, கல்கத்தாவையும் மும்பையையும் சுற்றி வந்த மஞ்சூரியன் எப்படி முந்தியது? புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் 1879 முதல் ரயில் ஓடுகிறது. சையோ மட்டும் அதில் ஏறவில்லை.

விடை: சையோ வீட்டுச் சமையல். மெல்லிய அரிசித்தாளில் ஒவ்வொன்றாகச் சுருட்ட வேண்டும், அத்தைமார் நாலு பேர் வேண்டும். மஞ்சூரியனுக்கு ஒரு சிலிண்டர், சீறும் பர்னர், ஒரு சட்டி, மூன்று சாஸ் பாட்டில் போதும். ஆறு மாதம் எடுபிடியாக நின்ற பையன் ஏழாவது மாதம் மாஸ்டர் ஆகலாம். அத்தைமாரை நம்பிய சமையல் வாசல் தாண்டாது. பாட்டிலை நம்பியது ஊர் ஊராகப் போகும். இதுதான் இத்திணையின் வரலாறு முழுதும், என்க.

உணவில் ஐயத்துக்கு இடமானவை இரண்டு. 1965இல் சென்னை புகாரி ஹோட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65, மெனு அட்டையில் சீனப் பகுதியில் குடியேறியிருக்கிறது. அதை வெளியேற்ற என்னிடம் ஆள்பலம் இல்லை. இரண்டாவது அமெரிக்கன் சாப்சுயி. பெயரில் அமெரிக்கா, நூடுல்ஸில் சீனா, மேலே பொரித்த முட்டை, அடியில் தக்காளி சாஸின் தித்திப்பு. இதை ஆர்டர் செய்கிறவர் ஏ.சி. ஹாலில் மேசைக்கு ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் சித்தப்பா.

இனி உரிப்பொருள். புணர்தல், நிச்சயம் ஆன பிள்ளையும் பெண்ணும் ஏ.சி. ஹாலில் ‘ஒன் பை டூ’ சூப் குடிப்பது. சூப் ஆறும்வரை பேச்சு வராது, ஆறிய பின் சூப் இறங்காது. பிரிதல், நண்பர்கள் பில்லைப் பிரிப்பது. இருத்தல், பார்சலுக்குக் காத்திருப்பது. ‘மாஸ்டர், ரெண்டு ஹாஃப் சிக்கன் ரைஸ், காரம் கம்மியா’ என்று சொல்லிவிட்டு, நமக்குப் பின்னால் வந்தவர் பொட்டலம் நமக்கு முன்னால் போவதைப் பார்த்தபடி நிற்கும் நிலை. ஊடல் வீட்டில் நிகழும்: ‘ஏன்டா, மாவு அரைச்சு வச்சிருக்கேன், கண்ட ரோட்டுல தின்னுட்டு வர்றியே?’

இரங்கல் மறுநாள் காலைக்கு உரியது. பழி முழுவதும் அஜினோமோட்டோவுக்குப் போகும். 1908இல் டோக்கியோவில் இகேடா கிகுனே கடற்பாசியிலிருந்து சுவையைப் பிரித்தெடுத்ததில் பிறந்த உப்பு அது. பெயர் கெட்டுப்போன அளவுக்குக் கெட்டதல்ல. வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் பலமுறை காய்ந்த எண்ணெய். மற்றொன்று நிறம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ரோடமின் என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தன. மறுமாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றது. விரலில் ஒட்டிய சிவப்பு சோப்புக்கும் போகவில்லை என்றால், அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

நால்வகை நிலத்துள் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு என் தீர்ப்பு தள்ளுவண்டி. ஏ.சி. ஹாலில் சமையலறை கதவுக்குப் பின்னால் இருக்கிறது, மோட்டலில் அது எங்கே என்றே தெரியாது. வண்டியில் எல்லாம் கண்ணெதிரே. ஆகவே வாசகர்களே, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, எண்ணெயின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘கலர் வேணாம்ணா’ என்று சொல்லுங்கள். போடமாட்டார்.