தும்பிக்கை இழந்த பலகைகள்: கொங்கு வீட்டுப் பெயர்ப்பலகை எழுத்தியல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

கோவையில் வீடு கட்டுகிறவர் சிமெண்டு, கம்பி, மணல் ஒவ்வொன்றுக்கும் நாலு பேரிடம் யோசனை கேட்பார். வாசலில் மாட்டும் தேக்குப் பலகையில் வீட்டின் பெயரை எந்த எழுத்தில் செதுக்குவது என்பதை மட்டும் யாரிடமும் கேட்கமாட்டார். "நல்ல எழுத்தாப் பாத்துப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டு, கிரகப்பிரவேசப் பந்திக்கு இலை எண்ணப் போய்விடுவார். அந்த 'நல்ல எழுத்து' எது என்பதே இவ்வாய்வின் சிக்கல். மறுத்துப் பேச ஆள் இல்லாத துறை என்பது இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற் காரணம். எங்கள் வீட்டுப் பலகையைக் கரையான் அரித்துவிட்டது என்பது இரண்டாவது காரணம்.

முதன்மைச் சான்று: தாத்தா மாட்டிய 'அன்னை இல்லம்' பலகை. வைரம் பாய்ந்த பகுதியை விட்டுவிட்டு வெளிற்றை மட்டும் கரையான் தின்றிருந்தது. துணைச் சான்றுகள்: என் அம்மா, அறுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி.

இயல் 1: புள்ளி நிற்குமா?

மரத்தில் தமிழ் எழுதுவதன் முதல் இடர் மெய்யெழுத்து. 'அன்னை இல்லம்' என்பதில் 3 புள்ளிகள். 'நரசிம்மநாயக்கன்பாளையம்' என்பதில் எழுத்து 14, புள்ளி 4. எழுத்தைப் புடைப்பாகச் செதுக்கினால் புள்ளி எதனோடும் ஒட்டாத தீவாக நிற்கும். நார் ஓடும் திசையில் உளி கொஞ்சம் அதிகமாக இறங்கினால் தீவு தெறித்துவிடும்.

"புள்ளி வெச்சே ஆகோணுங்களா?" என்றார் ஆசாரி.

இதை அறியாமை என்று தள்ளுவதற்கில்லை. ஓலையில் எழுதியவர்களும் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிப்பவர் தாமே வைத்துக்கொண்டார். ஆகவே ஆசாரியின் கேள்விக்குப் பல நூற்றாண்டு மரபு உண்டு.

எழுத்தைப் பள்ளமாகக் குடைந்தால் புள்ளி தெறிக்காது. ஆனால் அது குளவிக்குப் பிடிக்கும். தாத்தாவின் பலகையில் 'ல்' மேலிருந்த குழியைக் குளவி மண் வைத்து அடைத்து, வருடக்கணக்கில் எங்களை 'இலலம்' என்ற இடத்தில் குடிவைத்திருந்தது. ஓலைச்சுவடி மரபை இன்றும் விடாமல் பேணி வருவது குளவி இனமே என்பது இவ்வியலின் முடிவு.

இயல் 2: தும்பிக்கை

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். தாத்தாவின் பலகையில் 'னை' என்ற எழுத்து இன்றைய இரட்டைச் சுழிக் கொம்போடு இல்லை. னகரத்தின் தலையிலிருந்தே ஒரு தும்பிக்கை கிளம்பி வளைந்திருந்தது. அந்தக் காலத்தில் ணை, லை, ளை, னை நான்குக்கும் இப்படித்தான் தும்பிக்கை. இவற்றோடு வால் சுழித்த ணா, றா, னா வகையறா 9 எழுத்துகளையும் சேர்த்து மொத்தம் 13. அச்சுக் கோக்கச் சுமை என்று பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீர்திருத்தி எழுதத் தொடங்கினார். தமிழக அரசு 1978-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், அதை ஏற்று ஆணையிட்டது.

இந்த மாற்றம் தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவானது என்பர். அது மேலோட்டமான பார்வை. இழப்பு கொங்குக்கே அதிகம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சான்றுகள் வருமாறு:

ஒன்று, பாளையம். கவுண்டம்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் என்று இங்கே பேருந்துப் பலகை எதை எடுத்தாலும் ஒரு 'ளை' இருக்கும். 1978-க்கு முன் அத்தனை ஊருக்கும் ஆளுக்கொரு தும்பிக்கை.

இரண்டு, மலை. மருதமலை, சென்னிமலை எல்லாம் 'லை'.

மூன்று, மரியாதை. 'சொல்லுங்ணா', 'என்னங்ணா' என்று பேசாமல் கோவையில் ஒரு டீ கூட வாங்க முடியாது. அந்த 'ணா'வும் 13-இல் ஒன்று.

நான்கு, தலைமைச் சான்று: ஆனைமலை. இந்த ஒரே சொல்லில் 'னை', 'லை' என இரண்டு தும்பிக்கைகள். எழுத்திலேயே இரண்டு யானை நிற்கும் ஊர்ப்பெயர் அது. அந்த மலையின் தேக்கை வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டி மேலிருந்து சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நின்றுவிட்டது. அங்கே மரம் இழுத்தவை யானைகள். யானை இழுத்த மரம் பலகையாகி, பலகையில் தும்பிக்கை எழுத்தாகிய சங்கிலி 1978-இல் அறுந்தது. அறுத்ததும் அயலார் அல்லர், ஈரோட்டுக்காரர்.

அச்சுக்கோப்பவருக்கு அது விடுதலை என்பதை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால் ஆசாரிக்கு? பழைய 'னை' ஒரே உடல். புதிய 'னை' இரண்டு துண்டு. 'கோவை'யையே பாருங்கள்: வாய்க்கு 2 எழுத்து, உளிக்கு 5 துண்டு. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர் ஆசாரியாக இருந்தால் சீர்திருத்தத்தை அவர் வரவேற்பார். எங்கள் ஆசாரி பலகைக்கு இவ்வளவு என்று பேசுகிறவர்.

இயல் 3: இயந்திர எழுத்து

ஒப்பீட்டுக்காக, கணினியில் எழுத்தைக் கொடுத்தால் தானே குடைந்து தரும் சிஎன்சி பட்டறை ஒன்றுக்குப் போனேன். மோட்டார் பம்பு செய்த ஊரில் இதற்கா பஞ்சம்? கடைத் தம்பி திரையில் எழுத்துருப் பட்டியலை விரித்தார். கல்யாணப் பத்திரிகை எழுத்து, கட்சிச் சுவரொட்டி எழுத்து, கண்ணீர் அஞ்சலி எழுத்து. மூன்றாவதில் 'அன்னை இல்லம்' என்று பார்த்ததும் எழுந்துவிட்டேன். விண்டோசோடு வரும் லதா எழுத்தில் போட்டால் வீடு வட்டாட்சியர் அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது. எதிலும் தும்பிக்கை இல்லை.

"பழைய னை வேணுங்ளா? அது கீபோர்டுலயே இல்லீங்ணா" என்றார் தம்பி. கவனிக்க: அவர் வாயில் 'ணா' இருந்தது.

இயந்திரம் தவறே செய்யாது. பத்துப் பலகை அடித்தால் பத்தும் ஒன்று போலவே இருக்கும். குறையும் அதுதான். உளியில் வெட்டிய இரண்டு 'ன' ஒரு பலகையில் அண்ணன் தம்பி போல இருக்கும். இயந்திரத்தில் இரண்டும் ஒரே ஆள்.

இயல் 4: யாருக்காகப் பலகை?

பழைய 'னை', புதிய 'னை' என இரண்டு மாதிரிகளையும் தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். 1978-க்கு முன்பே பள்ளிப் படிப்பை முடித்தவர் என்பதால் தும்பிக்கைக்கே வாக்களிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏங்கண்ணு, உள்ள இருக்கறவிங்களுக்கு வீட்டுப் பேரு தெரியுமல்லோ. பலகை வெளிய நிக்கறவனுக்கு. கேஸ் கொண்டாற பையன் படிக்கோணும். அவனுக்கு இந்தக் கொக்கி என்னன்னு தெரியும்?"

வகுத்து வைத்த இயல்கள் அத்தனையும் அந்த இடத்தில் சரிந்தன. சோதனையாகப் பக்கத்து வீட்டு நான்காம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுப் பழைய பலகையைப் படிக்கச் சொன்னேன். "அன்... ஏதோ பாம்பு... இலலம்" என்றான். பாம்புக்குத் தாத்தா பொறுப்பு. 'இலலம்' என்றதற்குக் குளவி பொறுப்பு.

முடிவுரை

புதுப் பலகையில் இன்றைய 'னை'யே. எழுத்து பள்ளமாக, புள்ளிக் குழி குளவி நுழையாத அளவுக்கு ஆழமில்லாமல், ஆசாரியின் கையாலேயே.

பலகை வந்த அன்று அவரிடம் அறச்சலூரைப் பற்றிச் சொன்னேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில், மலைக்குகைப் பாறையில், ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன் தாளத்துக்குரிய எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வெட்டிவிட்டு, இவ்வெழுத்தை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கொங்கில் எழுத்து அமைத்தவர் பெயர் போடுவது வழக்கம்தான், நீங்களும் போடுங்கள் என்றேன்.

"வாசல்ல எம்பேரு எதுக்குங்? அப்பறம் கேஸ்காரன் என்னையத் தேடுவான்" என்று சிரித்தார்.

மாட்டுவதற்காகப் பலகையைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். பின்பக்கம், சுவரைப் பார்க்கும் மூலையில், சின்னதாக ஒரு பெயர். நம் பக்கத்து முருகன் மலை ஒன்றின் பெயர்தான் அவர் பெயர். கடைசி எழுத்து 'லை'. தும்பிக்கையோடு இருந்தது.