ஐ.எஸ்.ஐ. சார்

"தம்பி, என்ன கம்பி?"

வானம் தோண்டிய மறுநாளே மனை வாசலில் இந்தக் குரல் கேட்டுவிடும். திருச்சிப் புறநகரில் எந்த நகருக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவர் உண்டு. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் கட்டியது ஒரே வீடு. அதிலிருந்து தெருவில் எழும்பும் அத்தனை வீட்டுக்கும் அவரே ஆலோசகர், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. சார் என்பது கொத்தனார்கள் வைத்த பெயர். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒப்பந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் தரும் அந்த இரண்டு பக்கத்தில் சிமென்ட், ஒயர், குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய கம்பெனி பெயர் இருக்கும். கூடவே 'அல்லது அதற்குச் சமமான தரம்' என்றும் இருக்கும். அந்த வால் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் அடிப்பார். "இந்த ஓட்டை வழியா லாரியே போகும் தம்பி" என்பார். நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

கம்பி வந்து இறங்கும் நாள் அவருக்குத் திருவிழா. 'எஃப்.இ. 500டி' என்று வீட்டுக்காரப் பையன் சொன்னாலும், "டி இருக்கா?" என்று குனிந்து கம்பியின் மேலுள்ள எழுத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு கணக்கு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ. ஒரு மீட்டர் துண்டு வெட்டச் சொல்லி, பையிலிருந்து ஸ்பிரிங் தராசை எடுத்துத் தொங்கவிடுவார். முள் கொஞ்சம் கீழே நின்றால் போதும், லாரியைத் திருப்பச் சொல்வார். இந்த அளவுக் கம்பியில் 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை ஐ.எஸ். 1786 தரமே அனுமதிக்கிறது என்று இன்ஜினியர் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். அந்த 5 சதவீதத்தை மட்டும் டெல்லியில் கம்பி வியாபாரிக்குச் சம்பந்தி யாரோ எழுதியிருக்கிறார் என்பது சாரின் கட்சி.

செங்கல் என்றால் காது வேலை செய்யும். இரண்டை எடுத்து மோதுவார், கணீரென்றால் தேறியது. அதோடு விட்டால் பரவாயில்லை. நெஞ்சு உயரத்திலிருந்து கீழே வேறு போடுவார். உடையாதது நல்ல கல். உடைந்தது பையன் கணக்கு.

கொள்ளிடத்து மணல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் ஒரு சிட்டிகை நாக்கில் போட்டு உப்புப் பார்த்தவர். எம்-சாண்ட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல் உடைத்த தூளில் எந்த ருசியைத் தேடுகிறார் என்று மேஸ்திரிக்கு விளங்கவில்லை. தூசி எவ்வளவு என்று பார்க்க, மணலைத் தண்ணீரில் குலுக்கித் தெளியவைக்கக் கண்ணாடி டம்ளர் வேண்டும். வீட்டு ஷோகேஸில் விருந்தாளிக்கென்று ஆறு டம்ளர் இருந்தது. இப்போது நாலு.

சிமென்ட் மூட்டையில் வாரம் பார்ப்பார். "வாரம் 19-ஆ? மே மாசச் சரக்கைக் கொண்டாந்து ஆடியில இறக்குறியே!" பிறகு முழங்கை வரை மூட்டைக்குள் கையை விடுவார், உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டுமாம். 53 கிரேடுக்குக் குறைந்து பேசினால் முகம் சுளிக்கும். பூச்சு வேலைக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. தாராளமாகப் போதும், சூடும் குறைவு. ஆனால் அதன் மூட்டையில் 53 என்று போட்டிருக்காதே! ஆய்வகத்தில் வார்த்து 28 நாள் ஊறிய சாந்துக் கட்டி சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்கும் என்பதுதான் அந்த எண். மூட்டையைப் பிரித்த பிறகு நாம் செய்யும் அட்டூழியம் எதுவும் அதில் சேர்த்தி இல்லை.

அட்டூழியம் நடக்கும் நாள், தளம் போடும் நாள். எம்-20 கலவையில் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம் என்கிறது ஐ.எஸ். 456, பழைய பெயின்ட் வாளிக்கு ஒன்றரை வாளி. மெஷின்காரர் மூன்றாவது வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். "ஓடினாத்தானே சார் இழுக்க முடியும்?" என்பது மேஸ்திரியின் சித்தாந்தம். கலவை பாயசமாக மேலே போகும். சார் அப்போது எங்கே? தெருமுனையில், ஜல்லி யூனிட்டில் கால்வாசி குறைகிறது என்று டேப்போடு லாரி டிரைவரிடம் மல்லுக்கு நிற்கிறார்.

மறுநாளிலிருந்து தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஏழு நாளாவது காயவிடக் கூடாது, பி.பி.சி. என்றால் பத்து நாள். அந்தப் பக்கமே அவர் தலை தெரியாது. கியூரிங்குக்குக் கம்பெனி இல்லை, கிரேடு இல்லை, பில் இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது? அந்த வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு டைல்ஸ் கடையில் உட்கார்ந்து, டபுள் சார்ஜ்தானா என்று விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஏ.சி.க்கு 4 ஸ்கொயர் ஒயர், நிலைக்கு நிலம்பூர் தேக்கா கானா தேக்கா என்று ஆசாரியோடு ஒரு பஞ்சாயத்து, இதெல்லாம் பாக்கி. மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றுவது எதிர்வீட்டு வாட்ச்மேன். நினைவு வந்தால் ஊற்றுவார்.

அவருடைய சொந்த வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவார். ஒரு வருஷப் பிறப்புக்கு அவர் வீட்டு அம்மா தினசரிக் காலண்டரை நீட்டி, "ஏங்க, ஒரே ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க" என்றார்கள். முதல் ஆணி வளைந்தது. சாருக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவதும் வளைந்தது. "பாத்தியா!" என்றார். மூன்றாவது ஆணி தெறித்து சோபாவுக்கு அடியில் போனபோது பக்கத்து வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் காட்டினார்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள் அந்த அம்மா. காலண்டரை பிரிட்ஜ் மேல் படுக்கவைத்து, அங்கேயே தேதி கிழிக்கிறார்கள்.