புகை வருகிற வரை பொறுக்கலாமா?

(இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஃபோர் ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் டாப் எண்ட் வேலையைப் பற்றித்தான். ஹெட், வால்வு, பிளாக், பிஸ்டன், ரிங் என்று கிராங்குக்கு மேலே இருக்கிற சமாசாரம் எல்லாம் அதில் அடக்கம். மைலேஜ் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.)

கே: என் 250 மோட்டோகிராஸ் பைக் ஜம்மென்று ஓடுகிறது. மெக்கானிக்கோ "பிரிச்சுடலாம்" என்கிறார். நல்லா ஓடுற இன்ஜினை யாராவது பிரிப்பாங்களா? – கோவை வாசகர்

ப: நல்லா ஓடும்போதுதான் பிரிக்க வேண்டும். நின்றபிறகு பிரித்தால் அதற்குப் பெயர் பிரேதப் பரிசோதனை.

கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப் மாதிரி வண்டி 14,000 ஆர்பிஎம் வரை போகும். நொடிக்கு 233 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உச்சியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை நின்று திரும்பியாக வேண்டும். இவ்வளவு வேகத்துக்கு எடை ஆகாது என்று பிஸ்டனின் அடிச் சுவரான ஸ்கர்ட்டைப் பேருக்கு மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ரிங்கிலும் சிக்கனம்: கம்ப்ரஷனுக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று. அலுமினியம் களைத்துப் போனால் இருமாது, முனகாது. ஸ்கர்ட்டில் மயிரிழை விரிசல் விட்ட பிறகும் முந்தின வாரம் இருந்த அதே பவர் இருக்கும். அப்புறம் ஒரு தாவலில் உடையும். உடைந்த துண்டு ஹெட், பிளாக், கனெக்டிங் ராட், கிராங்க்கேஸ் என்று எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் ஓயும். பிஸ்டன் செலவைத் தள்ளிப் போட்டவர், முழு இன்ஜின் செலவு செய்வது அப்படித்தான். உங்கள் மெக்கானிக் பிழைக்கத் தெரியாதவர். இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருந்தால் அவருக்குப் பெரிய பில் கிடைத்திருக்கும்.

கே: சரி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை? ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே. – பெங்களூர் வாசகர்

ப: ஹோண்டா சிஆர்எஃப்250ஆர் கையேட்டைத் திறந்தால், ஆறு பந்தயம் அல்லது 15 மணிக்கு ஒரு முறை பிஸ்டனும் ரிங்கும் மாற்று என்று இருக்கும். படித்ததும் பாதிப் பேர் கையேட்டை மூடிவிடுவார்கள். அது த்ராட்டிலை முழுக்கத் திருகியே வைத்திருக்கிற பந்தயக்காரர்களுக்கான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் நாலு சுற்று, நடுவில் டீ, அப்புறம் போட்டோ என்று ஓட்டுபவருக்கு 40, 50 மணி என்பது நான் ஒப்புக்கொள்ளும் கணக்கு. 450-க்கு இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். அதை யாரும் அவ்வளவு முறுக்குவதில்லை, முறுக்கினால் வண்டி ஆளை விட்டுவிட்டுப் போய்விடும்.

எந்தக் கணக்கானாலும், இன்ஜின் ஓடிய மணியை எண்ணுகிற ஹவர் மீட்டர் இல்லாமல் பேசாதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிக் கட்டுகிற சின்னப் பெட்டி, அவ்வளவுதான். "போன பொங்கலுக்கு மாத்தினதுங்க" என்பது மணிக்கணக்கு ஆகாது.

கே: அண்ணே, என் வண்டியில் டேப்பெட் சத்தமே கிடையாது. அவ்வளவு அமைதி! ஆனா காலையில ஸ்டார்ட் ஆக மட்டும் உயிரை வாங்குது. – சேலம் வாசகர்

ப: தம்பி, அந்த அமைதிதான் வில்லன். ரோட்டு வண்டியில் டேப்பெட் லூஸாகிச் சத்தம் போடும், நாம் போய் டைட் பண்ணுவோம். இங்கே நடப்பது நேர் எதிர். இந்த வண்டிகள் பலவற்றில் வால்வு டைட்டேனியம். அதன் முகத்தில் மெல்லிய கடினப் பூச்சு ஒன்று உண்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டி வருகிற புழுதி அந்தப் பூச்சைத் தேய்க்கும். பூச்சு போனால் வால்வு சீட்டுக்குள் அமுங்கி மேலே ஏறும். கேமுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடவே மூடாது. கம்ப்ரஷன் கசிகிறது, அதனால் ஸ்டார்ட் ஆக அடம். சீட்டில் உட்கார்ந்தால்தானே வால்வின் சூடு ஹெட்டுக்குள் இறங்கும்? உட்காராத வால்வு வெந்துகொண்டே இருக்கும்.

இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை எடுங்கள். பழைய யமஹா ஒய்இசட்250எஃப் என்றால் இன்டேக் பக்கம் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை. 0.10 தகடு போக மறுத்தால் பக்கெட்டுக்கு அடியில் இருக்கிற ஷிம் என்கிற சின்ன வில்லையை மெல்லிசாக மாற்றி சரிக்கட்டலாம். ஒரு முறை மாற்றி, கொஞ்ச மணியிலேயே திரும்பவும் டைட்டானால் இன்னொரு ஷிம் தேடாதீர்கள். வால்வு முடிந்தது. ஹெட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது பட்டறைக்காரரிடம் முதல் வேலையாக, "இது டைட்டேனியம், பேஸ்ட் போட்டு லேப்பிங் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மனசோடு தேய்த்து, மிச்சமிருக்கிற பூச்சையும் எடுத்துவிடுவார். சீட்டை வெட்டிச் சரி செய்து புது வால்வு போடுவதுதான் வழி.

கே: கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். ரொம்பக் குறைவாகக் காட்டுகிறது. இன்ஜின் செத்துவிட்டதா? – மலேசியாவிலிருந்து ஒரு ஸ்க்ராம்ப்ளர் பிரியர்

ப: கேஜும் பொய் சொல்லவில்லை, இன்ஜினும் சாகவில்லை. கிக்கர் உங்கள் காலை உடைக்கக் கூடாது என்று கேம் ஷாஃப்டிலேயே ஒரு டீகம்ப்ரஷன் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வை அது லேசாகத் திறந்து பிடிக்கும். காற்று அந்த வழியே போய்விட்டால் கேஜ் எதைக் காட்டும்?

லீக் டவுன் டெஸ்ட் செய்யுங்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. பத்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இருபதைத் தாண்டினால் ஸ்பானரை எடுக்கலாம். இந்த டெஸ்டில் எனக்குப் பிடித்தது எண் அல்ல, சத்தம். காதை சைலன்சரில் வையுங்கள்; அங்கே 'உஸ்' கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் பாடி பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அங்கே கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிரிக்காமலே நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்.

கே: ரிங் மட்டும் போட்டு ஓட்டினால் போதாதா? – மதுரை வாசகர்

ப: போதாது. களைத்தது பிஸ்டன், புது ரிங் மாட்டினால் அதற்கு இளமை திரும்பாது. பிஸ்டன் பின்னை நிறுத்துகிற சர்க்ளிப்பையும் புதிதாகவே போடுங்கள். பழசைத் திரும்ப மாட்டிச் சில்லறை மிச்சம் பிடித்து, அது கழன்று பிளாக்கைக் கீறினால், இங்கே அடுத்த சைஸுக்கு போரிங் போடுகிற வசதியும் கிடையாது. இந்த பிளாக்குகளில் உள்ளே நிக்கல் பூச்சு. கீறினால் மறுபடி பூச்சு ஏற்ற வேண்டும், இல்லை புது பிளாக்.

கே: நான் வைத்திருப்பது எக்ஸ்பல்ஸ் 200. எனக்கும் 15 மணி நேரமா? பயமாக இருக்கிறது. – ஊட்டி வாசகர்

ப: பயம் வேண்டாம். உங்களுடையது வேறு ரகம், நிதானமாக உழைக்கிற இன்ஜின். கிலோமீட்டரில் கணக்குப் பாருங்கள். ஏர் ஃபில்டரை மட்டும் புழுதிப் பயணம் முடிந்ததும் அன்றைக்கே பாருங்கள்.

கே: டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கும் நண்பன் கேலி செய்கிறான். என்ன பதில் சொல்ல? – திருச்சி வாசகர்

ப: 1997-ல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்து டூ ஸ்ட்ரோக் கூட்டத்தை ஜெயித்த கதையைச் சொல்லுங்கள். மறு வருஷமே ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்தது. அவன் "என் பிஸ்டன் வேலை ஒரு சாயங்காலத்தில் முடியும், உன்னுது?" என்று கேட்பதற்குள் கிளம்பிவிடுங்கள்.

கே: செகண்ட் ஹேண்டில் ஒரு 250 பார்த்தேன். "டாப் எண்ட் இப்பத்தான் செஞ்சது" என்கிறார் விற்பவர். நம்பலாமா? – ஓசூர் வாசகர்

ப: விற்கிற டர்ட் பைக் எல்லாவற்றுக்கும் டாப் எண்ட் இப்பத்தான் செய்திருக்கும். பழைய பிஸ்டனைக் கேளுங்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தூக்கிப் போட மாட்டார்கள். பார்ட்ஸ் பில்லைக் கேளுங்கள். எத்தனையாவது மணியில் செய்தது, இப்போது ஹவர் மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். நீங்கள் போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறட்டும் என்று உட்கார்ந்து ஊர்க்கதை பேசுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பில்லும் இல்லை, பிஸ்டனும் இல்லை என்றால், சொன்ன விலையில் ஒரு டாப் எண்ட் செலவைக் கழித்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.