சுவருக்கு எதிரான என் போர்

'ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்' கேம்களைப் பற்றிப் புதியவர்களுக்கு அறிமுகம் எழுத என்னைவிடத் தகுதியான ஆள் ஹைதராபாத்தில் கிடைப்பது கஷ்டம். நன்றாக ஆடுகிறவனுக்கு எது கஷ்டம் என்பதே மறந்துபோயிருக்கும். எனக்கு எதுவும் மறக்கவில்லை. எல்லாமே இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மியாப்பூரில் மெட்ரோ ஏறினால், எதிர் சீட்டுப் பையன் போனைப் படுக்கவைத்துப் பிடித்து பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருப்பான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்களே, அதற்கு அடுத்த ஜூலையில் வேறு பெயர் வைத்துக்கொண்டு வந்ததுதான் இது. அதில் பெரும்பாலும் நம் ஆளின் முதுகைப் பார்த்தபடி ஆடுவார்கள். அது தேர்டு பர்சன். கேமரா பின்னால் மிதப்பதால், சுவருக்குப் பின்னால் பதுங்கியபடியே அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று பார்த்துவிடலாம். ஃபர்ஸ்ட் பர்சனில் அந்தச் சலுகை கிடையாது. ஆளின் கண்தான் உங்கள் கண். திரையில் தெரிவது இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும். மற்றதைப் பார்க்க வேண்டுமானால் தலையை நீட்ட வேண்டும். நான் நீட்டிய தலைகளில் பல திரும்பி வரவில்லை.

என் குரு அக்கா பையன். எஞ்சினியரிங் படிக்க வந்து எங்கள் குக்கட்பல்லி ஃப்ளாட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டவன். "ரொம்ப ஈஸி மாமா, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றான். முதல் வேலையாக செகந்திராபாத் பார்க்லேனுக்குப் போய், ஊரே சிடிசி என்று சொல்லும் சினாய் டிரேட் சென்டரில் கலர் கலராக விளக்கு எரியும் மவுஸ் ஒன்று வாங்கினேன். அத்தனை விளக்கு எரிந்தால் குறி தப்பாது என்று ஒரு நம்பிக்கை. கரண்ட் போனால் மவுஸும் அணைந்துவிடும் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அவன் தேர்ந்தெடுத்த கேம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர், ஹாஃப் லைஃப் என்ற வேறொரு கேமின் மேல் கட்டிய மாட் அது. அப்புறம் உலகத்து பிரௌசிங் சென்டர்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. நான் அமீர்பேட்டையில் ஜாவா கோர்ஸ் படித்த காலத்தில் கூடப் படித்தவர்கள் சாயங்காலமானால் அதற்குத்தான் ஓடுவார்கள். நான் மட்டும் அறையில் உட்கார்ந்து ஜாவா படித்தேன். இன்றைக்கு எனக்கு இரண்டுமே தெரியாது.

விதிகள் எளிது. பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு கட்சி பாம் வைக்க வேண்டும், மறு கட்சி தடுக்க வேண்டும். ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குள் பாம் வைக்காவிட்டால் தடுக்கிற கட்சிக்கு வெற்றி. வைத்துவிட்டால் 40 நொடியில் வெடிக்கும். செயலிழக்கச் செய்ய 10 நொடி, கையில் கிட் இருந்தால் 5 நொடி. செத்தவன் அடுத்த ரவுண்டு வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வேடிக்கை பார்க்கும் பகுதியில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இடது கை W, A, S, D எழுத்துகளில்: அது கால். வலது கை மவுஸில்: அது கழுத்து. 1993இல் வந்த டூம் கேமில் இந்த வம்பு இல்லை. இடம் வலமாகக் குறி பார்த்தால் போதும், மாடியில் நிற்கிறவனை கேமே பார்த்துக்கொள்ளும். 1996இல் க்வேக் வந்தபின் மேலேயும் கீழேயும் நாமே பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் இதே நாலு எழுத்தில் கை வைத்து ஆடி, ஒரு போட்டியில் ஜெயித்தார். பரிசு, க்வேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் சிவப்பு ஃபெராரி. அதே நாலு எழுத்தில் எனக்குக் கிடைத்தது மணிக்கட்டு வலி.

நடந்தால் பார்க்க மறந்துவிடுவேன், பார்த்தால் நடக்க மறந்துவிடுவேன். மவுஸின் சென்சிடிவிட்டி அதிகமாக இருந்ததால், லேசாகத் தொட்டாலே ஆள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுவான். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு என்று சொல்லி அக்கா பையன் அதை நன்றாகக் குறைத்துவிட்டான். அதற்கப்புறம் திரும்ப வேண்டுமென்றால் மணிக்கட்டு போதாது, முழங்கையையே வீச வேண்டும். வீசினேன். "யாரையாவது சுட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். காபி டம்ளர் விழுந்த சத்தம் அது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு போகாது. அதாவது போகும், எங்கே வேண்டுமானாலும் போகும். நின்று சுட வேண்டும். சினிமா பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. நம் ஹீரோக்கள் எல்லாம் பறந்துகொண்டே அல்லவா சுடுவார்கள்? அடுத்தது ரீகாயில். ஏகே 47இன் பட்டனை அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் அலையும். அதைச் சமாளிக்க மவுஸைக் கீழே இழுத்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டு மூன்று குண்டாக விட்டு விட்டுச் சுட வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடிப்பேன். முதல் குண்டு எதிரிக்குப் பக்கத்தில், மிச்சம் 29ம் சுவரில்.

அதே ஏகேவில் தலையில் ஒரு குண்டு பட்டால் ஹெல்மெட் போட்டவனும் காலி. அதனால் நடக்கும்போதே நடுப்புள்ளியை, அதாவது க்ராஸ்ஹேரை, எதிரியின் தலை வரக்கூடிய உயரத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுமாம். "ஏன் மாமா எப்பவும் தரையையே பார்க்கறீங்க?" என்று அக்கா பையன் கேட்டான். என்ன செய்வது, பெரியவர்கள் தலைகுனிந்து நடக்கச் சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

ஷூட்டர் என்று பெயர் இருந்தாலும் இது காதால் ஆடும் ஆட்டம். எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்தே அவன் எங்கே வருகிறான் என்று சொல்லிவிடலாம். நம் காலடியும் அவனுக்குக் கேட்கும். ஷிஃப்ட்டை அழுத்தி மெல்ல நடந்தால் கேட்காது. நான் இதை மட்டும் கவனமாகப் பழகினேன். இடப்பக்கம் சத்தம் கேட்டால் பட்டென்று இடப்பக்கம் திரும்புவேன், எதிரி வலப்பக்கமிருந்து வந்து முதுகில் சுடுவான். கேமில் ஏதோ கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டைத் திருப்பி மாட்டியிருந்தேன்.

இதில் காசு கணக்கும் உண்டு. தொடக்கத்தில் 800 டாலர் தருவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் கொஞ்சம் சேரும். சேர்த்து வைத்து, டீமோடு சேர்ந்து ஒரே ரவுண்டில் வாங்குவதுதான் புத்தி. நான் 4,750 டாலர் சேர்ந்ததும் ஏடபிள்யூபி என்ற பெரிய ஸ்னைப்பரை வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு மூலை திரும்பினேன். என்னைச் சுட்டவன் அதை எடுத்துக்கொண்டு போய் என் டீம் முழுவதையும் சுட்டான்.

ஃப்ளாஷ்பேங் அதைவிட மலிவு, 200 டாலர்தான். எறிந்தால் பார்ப்பவர் கண்ணெல்லாம் வெள்ளையாகிவிடும். எதிரி, நண்பன் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. நான் எறிந்தது எதிர்ச் சுவரில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. ஒருவன் தெலுங்கில் தாத்தா வரைக்கும் போனான். இன்னொருவன் அசல் ஹைதராபாத் ஹிந்தியில் "நக்கோ மியான், நக்கோ" என்று கெஞ்சினான். இந்த கேமுக்கு மும்பையில் ஒரு சர்வர், சென்னையில் ஒரு சர்வர் உண்டு. ஊர்ப் பாசத்தில் ஒருநாள் சென்னை சர்வரில் போய் ஆடினேன். திட்டு எல்லாம் முழுசாகப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண் "ஓடுகிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நாற்காலியில்தான் இருக்கிறோம்" என்கிறது. இருவரும் சண்டை போட, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. அறையில் விளக்கைப் போட்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, மோஷன் ப்ளர் இருக்கும் கேம்களில் அதை அணைத்துவிட்டால் தலைசுற்றல் குறையும். இதெல்லாம் எனக்கு வாஷ்பேசினில் இருந்து திரும்பி வந்தபின் சொல்லப்பட்டது.

பேட்டில்ஃபீல்டு கேமை வெளியிடும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு இந்த ஊரில் அலுவலகம் இருக்கிறது. கேம் தயாரிப்பவர்களின் ஐஜிடிசி மாநாடும் பல வருடம் இங்கேதான் நடந்தது. இவ்வளவு பெருமையுள்ள ஊருக்கு என்னால் கெட்ட பெயர் வேண்டாம் என்று, ப்ரொஃபைலில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன்.

ஆனாலும் ஒருமுறை ஜெயித்திருக்கிறேன். தடுக்கிற கட்சியில் நான் ஒருவன்தான் மிச்சம், எதிரிகளிலும் ஒருவன்தான். பாம் அவனிடம் இருந்தது. நான் ஒரு பெட்டிக்குப் பின்னால் நின்றேன். அசையவே இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் அவன் ஒவ்வொரு மூலையாகப் பயந்து பயந்து தேடியிருக்கிறான். நேரம் முடிந்துவிட்டது. செத்துப்போன என் டீம் நால்வரும் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "அங்கிள், என்ன பொறுமை, என்ன பொறுமை!" என்று ஹெட்செட் அலறியது. தண்ணீர் கேன்காரருக்குக் கதவு திறந்துவிட்டு, சில்லறை கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து அதைக் காதில் மாட்டினேன்.

அடுத்த ரவுண்டு முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தோற்றோம்.