நெர்ஃப் துப்பாக்கியின் அகமும் புறமும்: ஓர் ஆய்வு

தமிழாய்வுலகம் இதுகாறும் கை வைக்காத பொருள் மிகக் குறைவு. சங்க இலக்கியத்தில் நண்டு, நாட்டுப்புறப் பாடலில் உலக்கை, திரைப்பாடலில் நிலா என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஏடு சமர்ப்பித்துப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். ஆனால் ஃபோம் டார்ட் சுடும் பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கியைத் திருகாணி கழற்றித் திறந்து, ஸ்பிரிங்கை மாற்றி, மேலே ஒரு ஸ்கோப்பை மாட்டி, மறுபடி மூடிவைக்கும் வளர்ந்த மனிதர்களைப் பற்றி ஓர் எம்.ஃபில். ஏடுகூட இல்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை அமெரிக்கா. இப்பொழுதுபோக்கு அங்கே பிறந்து அங்கே முற்றியது. கருதுகோள்: தீங்கே செய்யாத ஒரு பொருளை மனிதனால் நெடுநாள் சகித்துக்கொள்ள முடியாது. முதன்மைச் சான்று துப்பாக்கி. துணைமைச் சான்று சோஃபாவுக்கு அடியில் கிடைத்த டார்ட்டுகள்.

ஆய்வுச் சிக்கல் களத்திலேயே கிடைத்தது. டெக்சாஸில் வாழும் தகவலாளி ஒருவர் (கணினிப் பொறியாளர், இரு பிள்ளைகளின் தகப்பனார்) சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, ‘ஸ்ட்ரைஃப்’ என்னும் மாடலைப் பிரித்துப் போட்டிருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார், வெங்காயம் உரிக்க இடம் தேடி அங்கே வந்தார்.

“ஏண்டா, நல்லாத்தானே சுட்டுது? எதுக்குப் பிரிச்சே?”

“நல்லாத்தாம்மா சுட்டுது. இன்னும் நல்லாச் சுடும்.”

“யாரை?”

தகவலாளி விடை கூறவில்லை. அந்நேரம் பார்த்துத் திருகாணி ஒன்று உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அம்மையாரின் வினாவே இவ்வாய்வின் மையம்.

தோற்றுவாய்

மின்னசோட்டாவைச் சேர்ந்த ரெய்ன் கையர் பொம்மை விளையாட்டுகளைக் கண்டுபிடிப்பவர். 1966-இல் வெளிவந்த ட்விஸ்டர் விளையாட்டிலும் அவர் கை உண்டு. 1969-இல் அவர் குழுவினர் குகைமனிதர் விளையாட்டு ஒன்றுக்காக ஃபோமில் பாறைகள் செய்து பார்த்தனர். விளையாட்டைவிடப் பாறைகளை ஒருவர்மேல் ஒருவர் எறிவதே சுவையாக இருந்தது. விளையாட்டு போயிற்று, எறிதல் நிலைத்தது. பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1970-இல் அதையே நாலங்குல ஃபோம் பந்தாக்கி, நெர்ஃப் என்று பெயரிட்டு, வீட்டுக்குள் ஆடத்தக்க உலகின் முதல் பந்து என்று விற்றது. ஜன்னல் உடையாது, மேசை விளக்கு உடையாது என்பதுதான் அதன் விற்பனைச் சிறப்பு. ஒன்றையும் உடைக்காதிருப்பதே பிறவிப் பயனாகக் கொண்டு தோன்றிய பொருள் என்பதை வாசகர் மனத்தில் இருத்துக. 1989-இல் அந்தப் பந்தைக் காற்றழுத்தத்தால் தள்ளும் ‘பிளாஸ்ட் எ பால்’ வந்தது. 1991-இல் நெர்ஃப் ஹாஸ்ப்ரோ கம்பெனியின் கைக்கு மாறியது. மறு ஆண்டு ‘ஷார்ப்ஷூட்டர்’ வந்தது, டார்ட் பிறந்தது. திருகாணியைக் கழற்றும் கூட்டமும் பின்னாலேயே வந்தது.

அகம்

அகமாவது மேற்கூட்டைப் பிரித்தபின் தென்படுவது. புறமாவது பிரிக்காமலே மேலே மாட்டுவது. இப்பகுப்பு நமக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டுப் பழக்கமாதலின் விளக்கம் வேண்டா.

அகத்தாரின் முதல் பகை ‘ஏர் ரெஸ்ட்ரிக்டர்’, அதாவது குழலின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிறு காற்றுத் தடுப்பான். பின்புறம் குழிந்த டார்ட்டை உள்ளே செருகினால் அது ஒரு முளையை அழுத்தும். முளை நகர்ந்து காற்றுக்கு வழிவிடும். டார்ட் இல்லையேல் வழி அடைபட்டே இருக்கும். பிள்ளைகள் பென்சில் துண்டையோ பட்டாணியையோ போட்டுச் சுடாதபடி காக்கும் வாயில் காப்போன் இது. போகிற காற்றில் கொஞ்சத்தைத் தானும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. எனவே அகத்தார் டிரில் எடுத்து அதைக் குடைந்து எறிவர். இது இத்துறையில் உபநயனம் போன்றது; இதைச் செய்யாதவரை அவையில் ஏற்பதில்லை.

அடுத்தது ஸ்பிரிங். அதனோடு பிஸ்டன் தலையில் உள்ள ரப்பர் வளையத்துக்கு அடியில், குழாய் மூட்டுக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் காற்றுக் கசிவை அடைப்பர். இங்கே சிறிது கணக்கு வேண்டும். 2012-இல் வந்த ‘எலீட்’ வரிசைத் துப்பாக்கி, கடையில் வாங்கியபடியே சுட்டால், டார்ட் வினாடிக்குச் சுமார் 21 மீட்டர் வேகத்தில் புறப்படும். டார்ட்டின் எடை ஏறக்குறைய 1 கிராம். ஆற்றல் 0.22 ஜூல். கனத்த ஸ்பிரிங் போட்டு வேகத்தை 45 மீட்டராக்கினால் ஆற்றல் 1 ஜூலைத் தொடும். வேகம் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். அடி நாலரை மடங்கு. அகத்தார் வேகத்தைப் பற்றியே பேசுவர். அடியைப் பற்றிப் பேசுவது அடிபட்டவர்.

பேட்டரியால் ஓடும் வகை வேறு. ஸ்ட்ரைஃப் போன்றவற்றில் இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே சுழன்று, இடையில் வரும் டார்ட்டைப் பிழிந்து துப்பும். மகசின் மாட்டியிருந்தால்தான், மூடி சாத்தியிருந்தால்தான் மோட்டார் ஓடும் என்று கம்பெனி அதில் சுவிட்சுகளை வைத்தது. மின்சாரம் மிஞ்சினால் தடுக்க ஒரு சிறு காப்புறுப்பையும் வைத்தது. சக்கரத்தார் இவை அனைத்தையும் வெட்டி எறிந்து, நாலு டபுள்-ஏ பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரியைத் திணிப்பர். அந்தப் பேட்டரியை அளவுக்கு மேல் வற்றவிட்டாலும், ஓட்டையானாலும், தாறுமாறாக சார்ஜ் ஏற்றினாலும் தீப்பிடிக்கலாம். பொம்மைக்குள் இருந்த எச்சரிக்கையுணர்வைக் கழற்றியபின், அதை ஆடுவோர் தம் தலைக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது இத்துறையின் எழுதாத விதி. எல்லாரும் ஏற்றிக்கொள்வதில்லை. ஸ்பிரிங்காருக்கும் சக்கரத்தாருக்கும் உள்ள வழக்கு வடகலை தென்கலை வழக்குக்கு நிகர். அதில் இவ்வாய்வாளர் தலையிடார்.

பெருந்திணை

பெருந்திணையாவது பொருந்தாக் காமம். மெல்லிய பிளாஸ்டிக் கூட்டுக்கும் கனத்த எஃகு ஸ்பிரிங்குக்கும் நடக்கும் மணத்தை வேறென்ன சொல்வது?

கனத்த ஸ்பிரிங்கைப் போட்ட சில நாளில், அதைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கி தேயும். உலோகக் கொக்கி வாங்குவர். கொக்கி நிற்கும், இழுக்கும் கைப்பிடி முறியும். உலோகக் கைப்பிடி வாங்குவர். கைப்பிடி நிற்கும், கூடு விரியும். எபாக்சி பசை பூசுவர். இப்போது எல்லாம் நிற்கும். துப்பாக்கியை இழுத்து லோடு செய்யத்தான் பிள்ளைக்கு வலு போதாது. ஆகவே தகப்பனார் வைத்துக்கொள்வார். பிள்ளைக்கு வேறு புதிது வாங்கப்படும். அதன் திருகாணிகளைத் தகப்பனார் இரவில் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வழியில் நெடுந்தூரம் போனவர்கள், கூடு மட்டும் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டனர். த்ரீ-டி பிரிண்டரில் பாகங்களை அச்சிட்டு, அலுமினியக் குழாயும் ஹார்டுவேர் கடைத் திருகாணியும் கொண்டு ‘கேலிபர்ன்’ போன்றவற்றை வீட்டிலேயே கட்டுகின்றனர். பொம்மையை மேம்படுத்தப் புறப்பட்டுப் பொம்மையே இல்லாத இடத்தில் போய் முடிந்த கதை இது.

டார்ட்டும் இப்பாடு பட்டது. பழைய ஆட்டக்காரர் ஜன்னல் இடுக்கை அடைக்க விற்கும் ஃபோம் கயிற்றை வாங்கி, வெட்டி, நுனியில் எடைக்கு ஓர் இரும்புக் குண்டை வைத்து, பசைத் துப்பாக்கியால் ஒட்டினர். அதற்கு ஸ்டெஃபான் என்று பெயர். பின்னால் வந்தவர், கடையில் விற்கும் 72 மில்லிமீட்டர் டார்ட்டைக் கத்தரிக்கோலால் பாதியாக்கினால் கோணாமல் பறக்கும் என்று கண்டனர். பாதி டார்ட்டுக்கெனச் சில கம்பெனிகள் முளைத்தன. 2023-இல் ஹாஸ்ப்ரோவே ‘ப்ரோ ஸ்ட்ரைஃப் எக்ஸ்’ என்று, பாதி டார்ட் சுடும், வினாடிக்கு 45 மீட்டர் வேகம் சொல்லும் துப்பாக்கியை 14 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வெளியிட்டது. முறைகேடாக இருந்தது முறையானது. அகத்தார் மகிழ்ந்திருக்க வேண்டும். அதையும் திறந்தார்கள்.

அகப்புறம்

உள்ளும் அல்லாமல் வெளியும் அல்லாமல் ஒரு பொருள் உண்டு. குழலின் நுனியில் ஒரு வளையம். அதற்குள் தூண்டில் நூலைச் சாய்வாகச் சுற்றியிருப்பர். டார்ட் வெளியேறும்போது நூல் அதன் விலாவை உரசிச் சுழற்றிவிடும்; சுழல்வதால் டார்ட் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகாது. ஸ்கார் குழல் என்பர். மீன் பிடிக்கும் நூல் இங்கே வந்து வேலை செய்கிறது. வேலை உண்மையாகவே செய்கிறது. இத்துறையில் இப்படி மெய்ப்பிக்கத்தக்க பொருள் கிடைக்கும்போது ஆய்வாளர் மனம் நெகிழ்வது இயல்பு.

புறம்

துப்பாக்கியின் முதுகில் ஓடும் பல்வரிசைக்கு டாக்டிகல் ரெயில் என்று பெயர். அதில் எதையும் மாட்டலாம். எதுவும் மாட்டப்படுகிறது.

ஸ்கோப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். பொம்மை ஸ்கோப்புகள் சிலவற்றில் கண்ணாடியே கிடையாது, ஓட்டை மட்டும்தான். மற்றவற்றில் பிளாஸ்டிக் தகடு உண்டு. தொலைவில் உள்ளதை அது அருகே கொண்டுவராது. கண்ணால் பார்ப்பதையே, சற்று மங்கலாக, ஒரு வட்டத்துக்குள் காட்டும். அந்த வட்டத்தின் நடுவில் டார்ட் போய் விழுவது டார்ட்டின் விருப்பத்தைப் பொறுத்தது. இருந்தும் ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஸ்கோப் வழியே பார்த்துச் சுடாத புறத்தார் இல்லை.

நீட்டுக் குழலின் கதை இதனினும் உருக்கமானது. குழல் நீண்டால் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. பொம்மையோடு வரும் நீட்டுக் குழலின் உள்விட்டமோ டார்ட்டைவிடப் பெரிது. காற்று டார்ட்டைத் தள்ளாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். டார்ட் போகிற போக்கில் சுவரில் உரசி வேகத்தை இழந்தாலும் வியப்பில்லை. உள்விட்டத்தைச் சரியாக இறுக்கினால்தான் என்ன என்பது கடா. ஸ்பிரிங் ஒருமுறை தள்ளும் காற்று இவ்வளவுதான் என்று அளவு உண்டு. அது தீர்ந்தபின் மிச்சமுள்ள குழல் முழுதும் உராய்வே என்பது விடை. ஆகவே நீட்டுக் குழலின் பயன் அதைப் பிடித்திருப்பவரின் நிழல் சுவரில் நீளமாக விழுவது. இப்பயனைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

வண்ணம் பூசுவதும் புறமே. இவ்விடத்தில் கேலியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. உண்மைத் துப்பாக்கிபோல் தோன்றும் பொம்மைக்கு ஆரஞ்சு நிற முனை போன்ற அடையாளம் வேண்டும் என்று அமெரிக்கா 1988-இலேயே சட்டம் இயற்றியது. 2014-இல் கிளீவ்லாந்தில், ஆரஞ்சு முனை கழன்ற ஏர்சாஃப்ட் துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் சுட்டார், சிறுவன் இறந்தான். எலுமிச்சை மஞ்சளும் ஊதாவுமாகப் பொம்மை இருப்பது அசிங்கம் என்று கறுப்படிப்போர், அந்த அசிங்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை அறிக.

ஒப்பீட்டுக் குழு

ஒப்பீடு இல்லாத ஆய்வை வெளித்தேர்வாளர் ஏற்கமாட்டார். மேரிலாந்தின் கவுச்சர் கல்லூரியில் 2005-இல் ‘ஹியூமன்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்’ என்ற ஆட்டம் தொடங்கியது. பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது. மனிதர் தரப்பு, துரத்தி வரும் பிணங்களை ஃபோம் டார்ட்டால் சுட்டால், அவை 15 நிமிடம் செயலற்று நிற்க வேண்டும். துப்பாக்கி இல்லாதவர் என் செய்வது? சுருட்டிய காலுறையை எறியலாம் என்று விதியிலேயே சலுகை உண்டு. காலுறை பட்டாலும் அதே 15 நிமிடம்தான்.

மாற்றிய ஸ்பிரிங், உலோகக் கொக்கி, தூண்டில் நூல், லித்தியம் பேட்டரி ஒருபுறம். துவைக்காத காலுறை மறுபுறம். பலன் ஒன்றே. காலுறையில் ஏர் ரெஸ்ட்ரிக்டர் இல்லை என்பதையும் நடுநிலை கருதிப் பதிவு செய்கிறோம்.

இதனால் அகத்தார் வீண் வேலை செய்தனர் என்று முடிவுகட்டுவாரும் உளர். அது பொருந்தாது. சுடுவதற்காகத் திறக்கிறார்கள் என்று கொண்டால்தான் வீண். நாம் கண்டவரை, திறப்பதற்காகவே சுட்டுப் பார்க்கிறார்கள். பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மென்பொருளைத் திருத்துகிறவருக்கு, திருகினால் திருகும், அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும் ஒரு பொருள் இரவில் கையில் வேண்டியிருக்கிறது. ‘யாரை?’ என்ற அம்மையாரின் வினாவுக்கு ‘யாரையும் இல்லை’ என்பதே விடை. மகன் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார்.

புறப்புறம்

துப்பாக்கியைத் தொடாமல் ஆளின்மேல் ஏறும் துணைப்பொருள்களைப் புறப்புறம் என்க. மகசின் செருகும் பைகள், இடுப்புப் பட்டை, முழங்கால் உறை எனப் பல உள. ஒன்றைத் தவிர மற்றவை தோற்றத்துக்கே.

2017-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், நெர்ஃப் டார்ட் பட்டு வந்த மூவரைப் பற்றி பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினர். இருவர் பெரியவர், ஒருவன் 11 வயதுச் சிறுவன். மூவருக்கும் கண்ணின் முன்பகுதிக்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஜன்னலை உடைக்காதது கண்ணை விட்டுவைக்கவில்லை. 45 மீட்டர் வேகத்தில் என்னாகும் என்பதற்கு மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பார்க்க.

ஆகவே இவ்வாய்வாளர் மனமார வழிமொழியும் துணைப்பொருள் ஒன்றே: பக்கங்களையும் மூடும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. ஸ்பிரிங் வாங்குமுன் அதை வாங்குங்கள். கண்ணாடிச் சட்டகத்தில் இசட்87+ என்ற தரக்குறி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடுகிற அத்தனை பேருக்கும், வேடிக்கை பார்க்க வரும் பாட்டிக்கும் சேர்த்து வாங்குங்கள்.