மறதிக்கு எதற்குப் பரீட்சை?

கே: அப்பாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய். இனி உடற்பயிற்சி எதற்கு? பேசாமல் உட்கார வைத்தால் போதாதா? (வாசகர், மதுரை)

ப: உட்கார்ந்தே இருந்தால் கால்களும் நடையை மறந்துவிடும்! பயிற்சி போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. தானாக எழுந்து நிற்கிற தெம்பைத் தக்கவைக்கும், விழுகிற ஆபத்தைக் குறைக்கும். 65 வயது தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, வாரம் 150 நிமிடம். ஒரே மூச்சில் அல்ல. டாக்டரைக் கேட்டுக்கொண்டு பத்துப் பத்து நிமிடமாக நடக்க விடுங்கள், துணையோடு.

கே: வருகிறவர்கள் எல்லாம் ‘நான் யார், சொல்லுங்க பார்ப்போம்’ என்று அம்மாவைக் கேட்கிறார்களே? (வாசகி, திருச்சி)

ப: அம்மா பாஸானால் சர்டிபிகேட் தரப்போகிறார்களா? “அத்தை, நான் உங்க தம்பி மகன் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

கே: என் பெயரை மறந்த பாட்டி, சிக்குக் கோலத்தை மட்டும் மறக்கவில்லையே! (வாசகி, கும்பகோணம்)

ப: மூளையில் பேரும் சம்பவமும் பதிகிற ஹிப்போகாம்பஸ் பகுதியில் அல்சைமர் என்கிற டிமென்ஷியா ஆரம்பத்திலேயே கை வைக்கும். கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு இடம், அது தாக்குப்பிடிக்கும். குனிந்தால் தலை சுற்றுமென்றால் மேஜை மேல் சிலேட்டும் சாக்பீஸும் வையுங்கள். கோடு தப்பினால் திருத்தாதீர்கள். பூ தொடுப்பது, மொச்சை உரிப்பது எல்லாம் பயிற்சிதான்.

கே: சாயங்காலமானால் ‘வீட்டுக்குப் போறேன்’ என்று மாமனார் கிளம்பிவிடுகிறார். இதுதான் அவர் கட்டிய வீடு! (வாசகி, சேலம்)

ப: பத்திரத்தைக் காட்டி வாதாடினால் வழக்கு விடிய விடிய நடக்கும். செருப்பை மாட்டிவிட்டுத் தெருக்கோடி வரை கூடவே போய் வாருங்கள். இருட்டுமுன் விளக்கைப் போடுங்கள். அவர் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எப்போதும் இருக்கட்டும்.

கே: வெளியே கூட்டிப்போனால் ஊர் சிரிக்காதா? (வாசகர், நாகர்கோவில்)

ப: சிரிப்பவருக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தது? நெதர்லாந்தில் 1997-லேயே ‘அல்சைமர் கஃபே’ தொடங்கினார்கள். நோயாளி, குடும்பம், டாக்டர் எல்லாரும் காபியோடு ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். ஜப்பானில் 2005 முதல் கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிப் பேருக்கும் மேல் இந்த நோயைப் புரிந்து உதவக் கற்றிருக்கிறார்கள். நம்மூரில் டீக்கடையும் பெஞ்சும் ரெடி. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கே: மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு என்ன பயிற்சி? (வாசகி, சென்னை)

ப: வாரம் ஒரு மாலை லீவு! வாட்ஸ்ஆப்பில் ‘டேக் கேர்’ அனுப்பும் உறவுகளுக்கு முறை போட்டுக் கொடுங்கள். விவரம் கேட்க, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.