கழுத்தைக் கடிப்பதா, கட்டிக்கொள்வதா?

கரிஸ்ஸா ப்ராட்பென்ட் எழுதிய ‘தி சர்ப்பென்ட் அண்ட் தி விங்ஸ் ஆஃப் நைட்’ படித்துக்கொண்டிருக்கிறேன் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான். கிரிக்கெட், தேர்தல், தக்காளி விலை எல்லாம் ஒதுங்கிவிட்டன. தபால் பை முழுக்க ரத்தக்காட்டேரிகள். இந்த வாரம் அவர்கள் ராஜ்யம்.

அவசரக்காரர், ஆவடி: கதை என்ன? முடிவைச் சொன்னால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

சந்தாவைக் காப்பாற்றிக்கொண்டே சொல்கிறேன். ஒபிட்ரேஸ் என்றொரு நிலம். ஆள்பவர்கள் வாம்பயர்கள். மனிதர்களும் அங்கே வாழ்கிறார்கள், சாப்பாட்டுப் பட்டியலில். நைட்பார்ன் குலத்து அரசன் வின்சென்ட், இடிபாடுகளுக்கு நடுவே கண்டெடுத்த ஒரு மனிதக் குழந்தையை மகளாக வளர்க்கிறான். அவள்தான் ஒராயா. அரண்மனையில் அவளைத் தவிர எல்லாருக்கும் கோரைப்பல். மரண தேவதை நயாக்ஸியாவின் பெயரால் நூறாண்டுக்கு ஒருமுறை கெஜாரி என்ற போட்டி நடக்கும். ஜெயிப்பவருக்கு தேவதையே வந்து வரம் தருவாள். தோற்றவர்களுக்குப் பெரும்பாலும் காரியம்தான். இனி யாருக்கும் இரையாக இருக்க முடியாது என்று ஒராயா களத்தில் இறங்குகிறாள். உள்ளே பிழைக்க ஒரு கூட்டாளி வேண்டும். வாய்ப்பவன் ரெய்ன். வாம்பயர், போட்டியாளன், போதாக்குறைக்கு அப்பாவின் வம்சத்துக்குப் பரம்பரைப் பகையாளியான ரிஷன் வம்சம். வரம் ஒருவருக்குத்தான் என்பதால், கடைசிவரை இருவரும் தப்பித்தால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் காதல் வந்து தொலைக்கிறது. இதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டாலும் நான் ஊமை.

மாத நாவல் ரசிகை, மன்னார்குடி: மோதலில் தொடங்கிக் காதலில் முடிவதெல்லாம் எங்கள் மாத நாவல்களில் எத்தனை வருஷமாக வருகிறது! இதில் என்ன புதுசு?

மாத நாவலில் மோதல் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். அவன் பணத்திமிர் பிடித்தவன் என்று அவள் நினைப்பாள். அவள் பணத்துக்கு ஆசைப்பட்டு வந்தவள் என்று அவன் நினைப்பான். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகும். பேச மாட்டார்கள். பேசாத ஒரே காரணத்தால் கதை கடைசிப் பக்கம்வரை ஓடும். அதைப் பகை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தகவல் தொடர்புக் கோளாறு.

ப்ராட்பென்ட் இதில் கெட்டிக்காரர். ஒராயாவும் ரெய்னும் விடிய விடிய பேசினாலும் பகை தீராது. அவன் இனம் அவள் இனத்தைத் தின்கிறது. அவளோ மனிதர் குடியிருப்புகளில் இரை தேடி வரும் வாம்பயர்களை ராத்திரியோடு ராத்திரியாகத் தீர்த்துக்கட்டிப் பழகியவள். ‘இவன் அப்படிப்பட்டவனில்லை’ என்று அவளுக்குப் புரிந்த பிறகும் போட்டியின் விதி மாறுவதில்லை. புரிதல் வந்ததும் பகை போய்விடும் கதைகளில் சுவாரசியமும் கூடவே போய்விடும். இங்கே புரிதல் வர வர நிலைமை மோசமாகிறது.

இன்னொரு நுட்பம். வாம்பயர்களுக்கு மனிதரின் இதயத் துடிப்பு கேட்கும். பயந்தால் துடிப்பு ஏறும். ஏறினால் ‘சாப்பாடு ரெடி’ என்று நாமே அறிவித்த மாதிரி. அதனால் சின்ன வயதிலிருந்தே படபடப்பை அடக்கப் பழகியவள் ஒராயா. காதல் கதைகளில் நெஞ்சு படபடப்பது தேய்ந்துபோன வர்ணனை. இங்கே அதே படபடப்பு உயிருக்கு ஆபத்து, தவிர எதிரில் நிற்பவனுக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்டும்விடும். பயமா, மற்றதா என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தேய்ந்த வர்ணனைக்கு இப்படி ஒரு கத்தியைச் செருகியதற்காகவே ஆசிரியருக்கு ஒரு சபாஷ்.

குறையும் உண்டு. ரெய்ன் கொஞ்சம் அவசரப்பட்டு நல்லவனாகிவிடுகிறான். ஒருகாலத்தில் மனிதனாக இருந்து மாற்றப்பட்டவன் என்பதால் மனிதச் சுவடுகள் அவனிடம் மிச்சம் இருக்கின்றன. மனிதர் பேட்டைக் கடையில் மட்டமான பீரை ரசித்துக் குடிக்கிறான். பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கும் இடம்தான். ஆனால் மட்டமான பீர் குடிப்பவனைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? இன்னும் சில அத்தியாயங்களுக்கு அவனைச் சந்தேகத்தின் நிழலிலேயே வைத்திருக்கலாம்.

கல்லூரி ஆசிரியை, காரைக்குடி: கொல்ல வந்தவனையே காதலிப்பது இளம்பெண்களுக்குத் தப்பான பாடமில்லையா?

உங்கள் கவலை நியாயம். இந்த வகையில் வரும் பல புத்தகங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். கதாநாயகன் அவமானப்படுத்துவான், பூட்டி வைப்பான், மிரட்டுவான். கேட்டால் ‘உள்ளுக்குள் காயம்பட்டவன்’ என்பார்கள். காயத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது.

நான் வைத்திருக்கும் பரிசோதனை எளியது. இரண்டு பேர் கையிலும் ஆயுதம் இருக்கிறதா? நம் சினிமாவில் அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள், இவன் பின்னாலேயே வருவான், வழிமறிப்பான், திமிர் பிடித்தவள் என்று ஊர் முன்னால் நாலு வரி வசனம் பேசுவான். அடுத்த பாட்டில் அவள் பனிமலையில் இவனோடு ஆடுவாள். அவளிடம் ஆயுதம் ஏது? அதை எதிரிகளின் காதல் என்று சொன்னால் எதிரிகளுக்கே அவமானம். ஒராயாவிடம் விஷம் தோய்ந்த இரட்டைக் கத்தி இருக்கிறது, அதை நன்றாக வீசவும் தெரியும். அவன் அவள் ரத்தத்தைக் குடிக்கும் கட்டம் வரும்போதுகூட ‘சரி’ என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். சொல்லாதிருக்கவும் அவளால் முடியும் என்பதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

அப்பா பிள்ளை, அம்பாசமுத்திரம்: வின்சென்ட் நல்லவனா, கெட்டவனா?

இந்தக் கேள்விக்காகவே புத்தகத்தை வாங்கலாம். கதாநாயகன் ரெய்ன் என்று பின்னட்டை சொல்லும். என்னைக் கேட்டால் நாவலின் ஆகச்சிறந்த பாத்திரம் இந்த அப்பன்தான். ரத்தவெறி பிடித்த கொடுங்கோலன். அதே ஆள் மகளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தருகிறான், ஒவ்வொரு காயத்தையும் கவனிக்கிறான், அவள் செத்துவிடுவாளோ என்று ஒவ்வொரு ராத்திரியும் தவிக்கிறான். உன்னைச் சுற்றி இருக்கிற எல்லாருமே உன்னைத் தின்ன வந்தவர்கள், யாரையும் நம்பாதே என்று போதிக்கிறான். அந்த ஊரில் அது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையைச் சொல்லியே ஒரு பிள்ளையைச் சிறை வைக்க முடியும் என்பதை ப்ராட்பென்ட் புரிந்துவைத்திருக்கிறார்.

கவனித்துப் படித்தால், ரெய்ன் மீதான பகை கரைகிற அதே வேகத்தில் அப்பா மீதான நம்பிக்கையும் கரைவது தெரியும். ‘வெளியில் எல்லாரும் ஓநாய்’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண், ஒரு ஓநாயோடு பேசிப் பார்த்துவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலில் நிஜமாகவே முறிகிற உறவு இதுதான். காதல் காட்சிகளை வேகமாகப் புரட்டியவன், அப்பனும் மகளும் பேசும் பக்கங்களில் நின்றுவிட்டேன்.

சரித்திர மாணவன், செஞ்சி: வாம்பயர் எப்போது அழகனானான்?

ஆரம்பத்தில் அழகுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். 18-ஆம் நூற்றாண்டு செர்பிய கிராமங்களில் வாம்பயர் என்றால் உப்பிச் சிவந்த ஒரு விவசாயியின் பிணம். ஊரே திரண்டு புதைகுழிகளைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் மரியா தெரேசா பேரரசி 1755-ல் தன் வைத்தியர் கெரார்ட் வான் ஸ்வீட்டனை விட்டு விசாரித்து, பிணம் தோண்டும் கூத்துக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டது ஒரு எரிமலை. 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது. மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே இல்லை. ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி மாளிகையில் மழைக்குப் பயந்து அடைந்து கிடந்தார்கள் கவிஞர் பைரனும் அவருடைய வைத்தியர் ஜான் பாலிடோரியும். பக்கத்திலேயே தங்கியிருந்த ஷெல்லியும் மேரியும் வந்து சேர்ந்துகொள்ள, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று முடிவாயிற்று. மேரிக்கு ஃபிராங்கன்ஸ்டைன் உதித்தது. பைரன் கொஞ்சம் எழுதிவிட்டு அலுத்துப்போய்ப் போட்டதை எடுத்து பாலிடோரி வளர்த்தார். 1819-ல் ‘தி வாம்பயர்’ அச்சானது, பைரன் பெயரில்! பாவம் வைத்தியர்.

சுவாரசியமே இனிமேல்தான். அந்தக் கதையின் வாம்பயர் பெயர் லார்ட் ருத்வென். வெளிறிய முகம், பிரபு வம்சம், விருந்துகளில் பெண்களின் கண்ணெல்லாம் அவன்மேல். ருத்வென் என்ற பெயர் பாலிடோரியின் சொந்தச் சரக்கில்லை. பைரனைக் காதலித்துக் கைவிடப்பட்ட கரோலின் லாம்ப், ஆத்திரத்தில் 1816-ல் ‘க்ளெனார்வன்’ என்றொரு நாவல் எழுதி, அதில் பைரனை வில்லனாக்கி வைத்த பெயர். பாலிடோரியும் அதற்குள் பைரனோடு சண்டை போட்டு வேலையிழந்தவர். ஆக, இலக்கியத்தின் முதல் கனவான் வாம்பயரை உருவாக்கியது ஒரு பழைய காதலியின் கோபமும் ஒரு பழைய டாக்டரின் கோபமும். காதல் பகையானதில் பிறந்த பிள்ளையை இருநூறு வருஷம் கழித்துப் பகையிலிருந்து காதலுக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள்.

வெயில் தாங்காதவர், வேலூர்: வெயில் பட்டால் வாம்பயர் சாவது டிராகுலாவில் வருகிறதுதானே?

இல்லை. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். சக்திதான் கொஞ்சம் குறையும். சூரிய ஒளியில் கரைய வைத்தது முர்னாவ் எடுத்த ஊமைப்படம் ‘நோஸ்ஃபெராட்டு’, 1922-ல். அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி ஃபிளாரன்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. சில பிரதிகள் தப்பிவிட்டன. கோர்ட் கொல்லச் சொல்லியும் சாகாத வாம்பயர்! 2005-ல் ‘ட்விலைட்’ வந்தபோது ஸ்டெஃபனி மேயர் வெயிலில் வாம்பயரை மினுமினுக்க வைத்தார். அதற்குச் செத்திருக்கலாம்.

ஆங்கில இலக்கியம், அரியர் இரண்டு, ஆத்தூர்: எதிரிகள் காதலர்களாவதை ஆரம்பித்து வைத்தது ஜேன் ஆஸ்டினா?

1813-ல் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ எழுதி அதற்குப் பட்டா வாங்கியவர் அவர். ஆனால் அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே ஷேக்ஸ்பியர், ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸையும் பெனடிக்கையும் வார்த்தைக்கு வார்த்தை குத்திக்கொள்ள விட்டிருக்கிறார். அரியரில் இந்தக் கேள்வி வந்தால் எனக்கு எழுதுங்கள்.

விக்கிரமாதித்தன், விருத்தாசலம்: நம் வேதாளமும் வாம்பயர்தானே?

ரிச்சர்ட் பர்ட்டன் அப்படித்தான் நினைத்தார். 1870-ல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது ‘விக்ரம் அண்ட் தி வாம்பயர்’ என்றே தலைப்பு வைத்தார். நம்முடைய வேதாளம் தோளில் ஏறும், கதை சொல்லும், கடைசியில் கேள்வி கேட்டே உயிரை வாங்கும். வாராவாரம் எனக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுதான்.

தாய், தஞ்சாவூர்: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்கிறாள். வாங்கித் தரலாமா?

வேண்டாம். அட்டை அழகாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். இது பெரியவர்களுக்கான புத்தகம். ரத்தம் நிறைய, படுக்கையறைக் கதவும் சாத்தப்படுவதில்லை. நீங்கள் படியுங்கள். அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

குறை சொல்பவர், கும்பகோணம்: புகழ்ந்தது போதும். ஓட்டைகளைச் சொல்லும்.

சொல்கிறேன். கெஜாரியில் ஒராயா, ரெய்ன், அவன் தோழி மிஷே தவிர மற்றவர்கள் அட்டைப் படங்கள். யார் செத்தாலும் கண் கலங்கவில்லை. சண்டைகள் ஒன்றுபோலவே நடக்கின்றன: சுற்றி வளைப்பு, காயம், கடைசி நொடியில் திடீர் பலம். 2008-ல் ‘ஹங்கர் கேம்ஸ்’ வந்த பிறகு சாவுப் போட்டியில் புதுமை காட்டுவது சுலபமில்லைதான். ஆனால் அந்த நாவலில் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் ஒரு பாத்திரம். இங்கே கூட்டம் வெறும் இரைச்சல். ஒராயாவே கதை சொல்வதால் இன்னொரு தொல்லை: நெருக்கடி வந்தால் ஒரு வரிக்கு ஒரு பத்தி. ஒன்றிரண்டு தடவை மூச்சு வாங்கும். பத்தாவது தடவை காகித விலை ஞாபகம் வரும்.

இத்தனைக்கும் 2022-ல் ஆசிரியரே சொந்தமாக வெளியிட்ட புத்தகம் இது. வாசகர்கள் தூக்கிக்கொண்டாடிய பிறகுதான் டோர் பதிப்பகம் ‘ப்ராம்பிள்’ வரிசையில் எடுத்துப் போட்டது.

உயிரியல் ஆர்வலர், உதகை: நிஜ வாம்பயர் வௌவால் இப்படிக் கொடூரமானதா?

அவமானப்படுத்தாதீர்கள். லத்தீன் அமெரிக்கப் பக்கம் மட்டும் வாழும் மூன்றே இனங்கள். இரண்டு மூன்று ராத்திரி ரத்தம் கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும் என்பதால், வயிறு நிறைந்தது பட்டினி கிடக்கும் சகாவுக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கும். முன்பு தனக்குக் கொடுத்தவர்களுக்கு அது திருப்பிக் கொடுப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கெஜாரி போட்டியாளர்கள் தங்கும் மாளிகையிலோ பசி ஏறும்போது வாம்பயர்கள் பக்கத்து அறைக் கழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

பொறுமையில்லாதவள், பொள்ளாச்சி: இரண்டாம் பாகமும் சேர்த்தே வாங்கிவிடட்டுமா?

வாங்கிவிடுங்கள். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயங்கள் உங்களைப் பாதிக் கிணற்றில் தொங்கவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது. ‘தி ஆஷஸ் அண்ட் தி ஸ்டார்-கர்ஸ்ட் கிங்’ என்று கேளுங்கள். ஒராயா, ரெய்ன் கதை அதோடு ஒரு நிலைக்கு வரும்.

மனைவி, மறைமலைநகர்: என் கணவர் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார். பகலில் திரைச்சீலையைத் திறந்தால் கத்துகிறார். பேசப் போனால் கடிக்கிறார். ரெய்ன் மாதிரி மனசு மாறுவாரா?

அமெரிக்க ஷிஃப்டா என்று விசாரியுங்கள். ஆமென்றால் மாறுவது மேனேஜர் கையில் இருக்கிறது. நைட் அலவன்ஸ் தருகிறார்களா?